ஒரு நாளைக்கு மட்டும் மூன்று வயது

இப்படிக் கிட்டே வந்து உட்காரம்மா. அந்தப் பட்டாணிக் கூடையையும் நகர்த்திக்கொண்டு வா. கை உரிக்கட்டும், காது மட்டும் என்னிடம் இருக்கட்டும். கூடத்தில் மாட்டியிருக்கும் படத்தில் அவ்வளவு பெரிய பெண் ஏன் வாயில் பால் புட்டியோடு நிற்கிறாள் என்று காலையில் கேட்டாயே, அந்தக் கதையைச் சொல்கிறேன். வேறு யாராவது சொல்லிக் கேட்டால் உன் மாமியாரைப் பற்றி என்னென்னவோ நினைப்பாய். என் வாயால் கேட்டால் நியாயம் புரியும். வயிற்றுப்பிள்ளைக்காரி நீ, நல்லதைத்தான் கேட்க வேண்டும்.

எனக்குச் சாப்பாடு வீணாவது பிடிக்காது. எல்லாம் அதில்தான் தொடங்கியது.

படத்தில் இருப்பவள் என் கொழுந்தனாரின் மகள். நாங்கள் பொடிசு என்று கூப்பிடுவோம். அவருக்குப் பேருந்துப் பணிமனையில் மெக்கானிக் வேலை. அவர் மனைவி, என் ஓரகத்தி, வீட்டிலேயே தையல் போட்டுக்கொண்டிருந்தாள். அன்று எல்லோரும் ஒரே வீட்டில் இருந்தோம். வரவு செலவு என் கையில். நேரில் அண்ணி என்பார் கொழுந்தனார், முதுகுக்குப் பின்னால் நிதியமைச்சர் என்பார். எனக்குத் தெரியும். பதவி பிடித்திருந்ததால் கண்டுகொள்ளவில்லை.

அந்த வருடப் பள்ளி விடுமுறைக்குத் தீம் பார்க் போகலாம் என்று முடிவானது. ஒரு நாள் முன்னதாகவே தொலைபேசியில் கூப்பிட்டு விலையை விசாரித்தேன். அவர்கள் சொன்னதைக் கேட்டால் உனக்கே சிரிப்பு வரும். வாசலில் நாலு வயதுக்குக் கீழே இலவசம், பன்னிரண்டு வரை பிள்ளை, அதற்கு மேல் பெரியவர். சாப்பாட்டுக் கூடத்துக்குள் போனால் எட்டு வயதிலேயே பிள்ளைப் பருவம் முடிந்துவிடும். அங்கே பிள்ளைத் தட்டு என்று ஒன்று. பெரியவர் தட்டுக்கு முக்கால் விலை, கால்வாசிச் சாப்பாடு, மேலே ஒரு காகிதக் கொடி. கொடியைக் குழந்தை தின்னுமா? பெரிய ராட்டினங்களுக்குப் போனால் வயதே கிடையாது, உயரம்தான். மரக்கரடி ஒன்று கையை நீட்டிக்கொண்டு நிற்கும். தலை அந்தக் கையில் முட்டினால் ஏறலாம். ஆக, அந்த மதிலுக்குள் ஒரே பிள்ளைக்கு இடத்துக்கு ஒன்றாக மூன்று விதமான வயது. அவர்கள் இஷ்டத்துக்கு வயது வைத்தால் அது விதிமுறை. நான் வைத்தால் ஏமாற்று.

உன் புருஷனுக்கு அப்போது பன்னிரண்டு முடிந்திருந்தது. வாசலுக்குப் பதினொன்று ஆக்கினேன். கரடிக்காகச் செருப்புக்குள் அட்டை மடித்து வைத்தேன். அவன் விஷயம் அவ்வளவுதான், சுலபம்.

பொடிசுக்கு ஆறு முடிந்திருந்தது. ஆளைப் பார்த்தால் நாலு சொல்லலாம், மனசு வைத்தால் மூன்றும் சொல்லலாம். மூன்று என்றால் வெள்ளைக் காகிதப் பட்டையை மணிக்கட்டில் ஒட்டி உள்ளே விட்டுவிடுவார்கள். பெரியவர்கள் தட்டிலிருந்தே இலவசமாகச் சாப்பிடலாம். ஒரே ஒரு சிக்கல். அவளுக்கு வாசிக்கத் தெரியும். தெரியும் என்றால் சும்மா இல்லை, கண்ணில் படுவதையெல்லாம் உரக்க வாசிப்பாள். பேருந்தில் போனால் கடைப் பலகை, வீட்டில் இருந்தால் சோப்பு உறை. வாசலில் நின்று அவர்களுடைய விலைப்பலகையையே வாசித்துவிட்டால் என்ன செய்வது?

அதனால் நானே உட்கார்ந்து பாடம் சொல்லிக்கொடுத்தேன்.

"நாளைக்கு ஒரு நாள் உனக்கு எழுத்து தெரியாது. எழுத்தப் பாத்தா கண்ண மூடிக்கோ."

"அப்ப எனக்கு என்ன தெரியும், பெரியம்மா?"

"ஒண்ணும் தெரியாது."

"என் பேரு?"

"தெரியாது."

"அம்மா பேரு?"

"அதுவும் தெரியாது. யாரு என்ன கேட்டாலும் ஒரே பதில். தெயாது. எங்கே, சொல்லு."

"தெயாது," என்றாள். முதல் தடவையிலேயே மழலை அச்சாக வந்தது. கெட்டிக்காரப் பிள்ளை.

"எப்ப வரைக்கும் பெரியம்மா?"

"நான் பாடம் முடிஞ்சதுன்னு சொல்ற வரைக்கும். ஒழுங்கா இருந்தா குதிரை ராட்டினத்துல ஏத்துவேன்."

அவள் அம்மா மட்டும் தையல் மிஷினை நிறுத்திவிட்டு, "எதுக்குக்கா இதெல்லாம், ஒரு தட்டுதானே?" என்றாள். ஒரு தட்டுதானே என்று சொல்லிச் சொல்லித்தான் குடும்பங்கள் நடுத்தெருவுக்கு வருகின்றன என்றேன். அவள் மறுபடி மிதிக்க ஆரம்பித்துவிட்டாள்.

மறுநாள் பொடிசுக்குக் கழுத்துத் துணி கட்டி, வாயில் பால் புட்டியும் வைத்துக் கூட்டிப்போனேன். வாசலில் சீட்டுக் கொடுக்கும் பெண் எட்டிப் பார்த்தாள். "மூணா? நல்லா வளந்திருக்காளே."

"அவங்க அப்பா மாதிரி," என்றேன். கொழுந்தனார் என் தோள் உயரம் இருப்பார். அவர்தான் இருமினார்.

அந்தப் பெண் விடவில்லை. "பாப்பா, அந்த போர்டுல என்ன எழுதியிருக்கு?" என்றாள். பொடிசு இரண்டு கண்ணையும் இறுக்கி மூடிக்கொண்டாள். "தெயாது." வெள்ளைப் பட்டை ஒட்டப்பட்டது. அந்த நிமிடம் எனக்குப் பெருமையாக இருந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

குதிரை ராட்டினத்தில்தான் சின்ன இடறல். அங்கே கரடி இல்லை, பட்டையின் நிறத்தைப் பார்க்கிறார்கள். வெள்ளைப் பட்டைக்குக் குதிரை கிடையாதாம், விழுந்துவிடுவார்களாம். இதைத் தொலைபேசியில் சொல்லவில்லை. பொடிசு வாயிலிருந்து புட்டியை எடுத்தாள். என் காதுக்குக் கிட்டே வந்து, "பெரியம்மா, குதிரைக்கு மட்டும் ஆறு வயசு ஆயிக்கட்டா?" என்றாள்.

"ஆக முடியாது. பட்டை ஒட்டியாச்சு."

அவள் அழவில்லை. புட்டியை மறுபடி வாயில் வைத்துக்கொண்டாள். அங்கே எடுத்ததுதான் நீ பார்த்த படம். பின்னால் தெரிவது குதிரையின் வால்.

மதியம் சாப்பாட்டுக்கு நான் முறை பிரித்தேன். அவள் அப்பா அம்மா தண்ணீர்ச் சறுக்குக்குப் போகட்டும், நாங்கள் முதலில் சாப்பிடுகிறோம், பொடிசு என் தட்டில் சாப்பிடுவாள் என்று ஏற்பாடு. அந்தக் கூடத்தில் எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம். ஆனால் ஒருமுறை வெளியே போனால் திரும்ப விடமாட்டார்கள். இதை நினைவில் வைத்துக்கொள், இதுதான் முக்கியம். நான் தட்டை நிரப்பிக்கொண்டு வந்தபோது பக்கத்து நாற்காலியில் புட்டி இருந்தது, கழுத்துத் துணி மடித்து வைத்திருந்தது, கிழிந்த வெள்ளைப் பட்டையும் இருந்தது. அவள் இல்லை.

கழிவறைக்குப் போயிருப்பாள் என்றுதான் முதலில் நினைத்தேன். பட்டையைக் கிழித்துவிட்டுக் கழிவறைக்குப் போவார்களா என்று நீ கேட்பாய். அதை நானும் பிறகு யோசித்தேன்.

நடந்தது இதுதான். பிள்ளை தன் இஷ்டத்துக்கு ஆறு வயது ஆகிக்கொண்டு குதிரை வரிசையில் போய் நின்றிருக்கிறாள். பட்டை எங்கே என்று ராட்டினக்காரர் கேட்டிருக்கிறார். தனக்கு ஆறு வயது என்று நிரூபிக்க அவருடைய பலகையை மேலிருந்து கீழ்வரை, தொலைபேசி எண் உட்பட, வாசித்துக் காட்டியிருக்கிறாள். அவர் சிரித்துவிட்டு, அப்பா அம்மா யார் என்று கேட்டதும் பயந்து, பழைய பாடத்துக்குத் திரும்பிவிட்டாள். தொலைந்த பிள்ளைகளை உட்காரவைக்கும் அறைக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

ஒலிபெருக்கியில் அறிவிப்பு வந்தது. ஆறு வயது மதிக்கத்தக்க பெண் குழந்தை, மஞ்சள் கவுன், பெயர் சொல்லவில்லை, நன்றாக வாசிக்கிறாள்.

உன் மாமனார் கையை நிறுத்தினார். "நம்ம பொடிசு மாதிரி இருக்கே."

"நம்ம பொடிசுக்கு மூணு வயசு. நீங்க சாப்பிடுங்க."

இரண்டாவது தடவை வந்தபோது உன் புருஷன் நிமிர்ந்து பார்த்தான். "அம்மா, அவதாம்மா."

"ஐஸ்கிரீம் கரையுது பாரு."

சாப்பிட்டான். இன்னொரு கிண்ணமும் வாங்கிக் கொடுத்தேன், அதற்கும் சேர்த்துத்தானே வாங்கிவிட்டார்கள். இப்போது வீட்டில் ஐஸ்கிரீம் வாங்கினால் அவன் எழுந்து போய்விடுவதைக் கவனித்திருப்பாய். தொண்டைக்கு ஆகாது அவனுக்கு.

நீ அப்படிப் பார்க்காதே. நானும் கணக்குப் போட்டுத்தான் உட்கார்ந்திருந்தேன். எழுந்தால் மூன்று பேர் சாப்பாடு போச்சு. போய் அவள் எங்கள் பிள்ளை என்றால், வயதை மாற்றிச் சொன்னதற்கு வந்திருக்கும் எல்லோருக்கும் இரட்டைக் கட்டணம், பலகையிலேயே போட்டிருக்கிறது. அவளுக்கு என்ன குறை? அந்த அறையில் மின்விசிறி இருக்கும். பிஸ்கட் கொடுப்பார்கள், இலவசமாக. மூன்றாவது அறிவிப்பின்போது நான் பழங்கள் இருந்த மேசையருகே நின்றுகொண்டிருந்தேன்.

சாப்பிட்டு முடித்து, கை கழுவி, நான் மட்டும் போனேன். போகவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. கண்ணாடிக் கதவு. உள்ளே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டாள்.

அங்கிருந்த அதிகாரியம்மா, "உங்க குழந்தையா?" என்றாள்.

"எங்க குழந்தைக்கு மூணு வயசும்மா. இவ பெரியவளா இருக்காளே."

அவள் பொடிசு பக்கம் குனிந்தாள். "பாப்பா, இவங்க யாருன்னு தெரியுமா?"

நான் ஒன்றும் செய்யவில்லை. விரலை உதட்டில் வைத்தேன், அவ்வளவுதான்.

"தெயாது," என்றாள் பொடிசு. மெதுவாகத் திரும்ப உட்கார்ந்துகொண்டாள்.

தண்ணீர்ச் சறுக்கு இரைச்சலில் அவள் அப்பா அம்மா காதில் அறிவிப்பு விழவில்லை. வெளியே வந்து அவள் அம்மாவிடம் பிள்ளை அப்பாவோடு இருக்கிறாள் என்றேன். அப்பாவிடம் அம்மாவோடு என்றேன். அவர்களும் காசு கொடுத்து வந்தவர்கள்தானே, கடைசிவரை அனுபவிக்கட்டும். சாயங்காலம் அந்த அறையில் ஆள் மாறியதும் நைசாகக் கூட்டிக்கொண்டு போய்விடலாம் என்பது என் திட்டம். நல்ல திட்டம்தான். அவர்கள்தான் அவசரப்பட்டு, யாரும் வராத பிள்ளை என்று ஊருக்குள் இருந்த குழந்தைகள் இல்லத்துக்கு வண்டியில் அனுப்பிவிட்டார்கள்.

விஷயம் வெளியே வந்தபோது இருட்டிவிட்டது, மறுநாள்தான் எல்லோரும் இல்லத்துக்குப் போனோம். என் ஓரகத்தி வாசலிலேயே அவளைக் கண்டுவிட்டு ஓடினாள். பொடிசும் கையை விரித்துக்கொண்டு ஓடி வந்தவள், பாதியில் நின்றாள். அம்மாவுக்குப் பின்னால் நான் நின்றிருந்தேன். மேசைக்குப் பின்னால் இருந்தவர் வயதைப் பற்றித்தான் முதலில் கேட்டுக்கொண்டிருந்தார். பொய் சொன்னது யார் என்று எழுத வேண்டும் என்றார். இன்னும் சமாளித்துவிடலாம் என்று எனக்கு நம்பிக்கை இருந்தது.

"இது உங்க அம்மாவா, பாப்பா?"

அவள் என்னைப் பார்த்தாள். பாடம் முடிஞ்சது என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மறுபடியும் விரலை உதட்டில் வைத்தேன்.

"தெயாது."

சான்றிதழ்களெல்லாம் கொண்டுபோய்க் காட்டி அவளை வீட்டுக்குக் கூட்டிவர நாலைந்து நாள் ஆனது. அதற்குப் பிறகு ரொம்ப காலம் பள்ளியில் வாசிக்கச் சொன்னால் கண்ணை மூடிக்கொண்டாளாம். என்னிடம் வந்து கேட்டிருந்தால் சரி செய்துகொடுத்திருப்பேன். யாரும் கேட்கவில்லை. தனி வீடு பார்த்துக்கொண்டு கிளம்பிய அன்று, என் ஓரகத்தி தையல் மிஷினை வண்டியில் ஏற்றும்போது ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "ஒரு தட்டு எவ்வளவுக்கா?" கணக்குக் கேட்கிறாள் என்று நினைத்துச் சில்லறை வரைக்கும் சரியாகச் சொன்னேன். அதற்குப் போய் அப்படிச் சிரித்தாள். சிரித்தாளா அழுதாளா, வண்டி சத்தத்தில் தெரியவில்லை. அதன்பிறகு இந்த வாசலை அவர்கள் மிதிக்கவில்லை. ஒரு சாப்பாட்டு விஷயத்தை இவ்வளவு தூரம் மனதில் வைத்துக்கொள்பவர்கள் இருக்கிறார்கள், என்ன செய்வது.

போன மாதம் செருப்புக் கடையில் பொடிசைப் பார்த்தேன். மடியில் ஒரு பெண் குழந்தை, அவள் சாடையேதான். செருப்புப் பெட்டியில் இருந்த எழுத்து ஒவ்வொன்றையும் தொட்டுத் தொட்டு இருவரும் சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு மனம் நிறைந்துவிட்டது. பக்கத்தில் போய், "பொடிசு, என்னத் தெரியுதா?" என்றேன்.

நிதானமாக நிமிர்ந்து பார்த்தாள். முகத்தில் கோபம் துளிக்கூட இல்லை. "தெரியாதுங்க," என்றாள்.

இத்தனை வருடம் கழித்தும் நான் சொல்லிக்கொடுத்ததை மறக்கவில்லை பார். மழலை மட்டும்தான் போயிருக்கிறது. அதைக் கேட்டு உன் மாமனார் ஏன் அன்று சாப்பிடாமல் படுத்தார் என்றுதான் எனக்கு விளங்கவில்லை.

அழாதே அம்மா, பட்டாணியெல்லாம் நனைகிறது. நீ நன்றாக இருக்க வேண்டும். உன் வீட்டில் சாப்பாட்டுக்கு ஒரு நாளும் குறைவு வரக்கூடாது. கூடம் நிறையப் பிள்ளைகள் ஓடி விளையாட வேண்டும். எல்லாம் வயதுக்குக் கொஞ்சம் குட்டையாகவே பிறக்கட்டும். கூட்டிக்கொண்டு போக நான் இருக்கிறேன்.