பூவம்மா வீட்டு வாஷிங் மெஷின்

வாஷிங் மெஷினுக்குத் தன் தொட்டியில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று நேரடியாகத் தெரியாது, சார். தொட்டியின் அடியிலிருந்து ஒரு சின்ன ரப்பர் டியூப் மேலே போகும். தண்ணீர் ஏற ஏற டியூபுக்குள் இருக்கும் காற்று அமுங்கும். மேலே உள்ள சென்சார் அந்த அழுத்தத்தை வைத்து, போதும், நிறுத்து என்று சொல்லும். டியூபில் ஊசி முனை அளவு ஓட்டை இருந்தால் காற்று வெளியேறிவிடும். தொட்டி நிரம்பி வழிந்தாலும் மெஷின் இன்னும் காலி என்றே நினைத்துத் தண்ணீர் எடுத்துக்கொண்டிருக்கும். இது புரிந்தால் மற்றதெல்லாம் உங்களுக்குச் சுலபமாகப் புரியும்.

என் பெயர் வேதமாணிக்கம். வயது ஐம்பத்து மூன்று. திருவொற்றியூர் காலடிப்பேட்டையில் இருபத்தாறு வருஷமாக ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். எங்கள் பக்கம் உப்புக் காற்று. எண்ணூரிலிருந்து நிலக்கரித் தூசி வேறு பறந்து வரும். மூன்றே வருஷத்தில் எந்த மெஷினும் அடியில் துருப்பிடித்துவிடும். எனக்கு வேலை இல்லாத நாள் கிடையாது. பொறாமையில் செய்தான் என்று வாக்குமூலத்தில் நீங்கள் எழுதிவிடக் கூடாது என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

ரமாபாயை முதலில் பார்த்தது போன வருஷம், அவள் வீட்டிலேயே. புருஷன் அன்புமணி துறைமுகத்துக்குக் கன்டெய்னர் வண்டி ஓட்டுகிறவன். மெஷினில் தண்ணீர் நிற்காமல் ஏறுகிறது என்று கூப்பிட்டிருந்தார்கள். கழற்றிப் பார்த்துவிட்டு, போர்டு போய்விட்டது என்றேன். பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த ரமாபாய் மெதுவாகச் சொன்னாள்.

"கோச்சுக்காதீங்கண்ணே. இந்த டியூப்ல சோப்பு அடைச்சிகினு கீது. ஊதிப் பாக்கட்டுமா?"

ஊதினாள். வெந்நீரில் கழுவி மாட்டினாள். மெஷினை ஓடவிட்டு, அதன் பக்கவாட்டுத் தகட்டில் காதை வைத்துக் கேட்டாள். சென்சார் தண்ணீரை நிறுத்தும்போது உள்ளே 'டக்' என்று ஒரு சத்தம் வரும். அது வந்தது. தண்ணீர் நின்றது. எல்லாம் போனில் வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டது. அவள் என்னைக் கேலி செய்யவில்லை. அதை இப்போதும் சொல்வேன். வாசலில் நின்ற இரண்டு பெண்கள்தான் சிரித்தார்கள். ரமாபாய் எனக்கு டீ போட்டுக் கொடுத்தாள். குடித்துவிட்டு வந்தேன்.

அதற்குப் பிறகு அந்தத் தெருவில் எந்த மெஷின் நின்றாலும் அவளைக் கூப்பிட்டார்கள். ஆம்பிளை மெக்கானிக் வந்தால் வீட்டை ஒதுங்க வைக்க வேண்டும், ரமா வந்தால் போட்டது போட்டபடி கிடக்கலாம் என்றார்கள். நியாயம்தான். சந்தேகம் வந்தால் அவள் என் கடைக்கு வருவாள். மோட்டாரில் கருகிய வாசனை வந்தால் என்ன, பெல்ட் நழுவினால் என்ன என்று கேட்பாள். நான் பொறுமையாகச் சொல்லிக்கொடுப்பேன். தன்னால் முடியாத வேலையை என்னிடம் அனுப்பியும் வைப்பாள். அவள் வியாசர்பாடி ஹவுசிங் போர்டிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள் என்பதை நான் மனதில் வைத்துக்கொண்டதே இல்லை. அவளுக்கென்று தனி டம்ளர் வைத்ததில்லை. பேப்பர் கப் வாங்கி வைத்திருந்தேன்.

என் கவலை வேறு. படிக்காத ஆள் கரண்டில் கை வைத்தால் என்றாவது ஒருநாள் உயிர் போகும். அவளுக்கு ஒரு சின்ன ஷாக் அடித்தால் பயந்து இந்த வேலையை விட்டுவிடுவாள், அது அவளுக்கே நல்லது என்றுதான் முதலில் நினைத்தேன்.

ஆனால் அவள் ஜாக்கிரதைக்காரி. பிளக்கைப் பிடுங்காமல் மெஷினைத் திறக்க மாட்டாள். மறுபடி பிளக்கைச் சொருகினால் முதலில் டெஸ்டர் வைத்துப் பார்ப்பாள், அது எரியவில்லை என்றால்தான் தொடுவாள். சாதாரணமாக ஏதாவது செய்து வைத்தால் அவளுக்கு ஷாக் அடிக்காது. அதனால் நான் சாதாரணமாகச் செய்து வைக்கவில்லை.

பூவம்மா காசிமேட்டில் மீன் விற்கிறவர். குப்பத்தில் தனியாக இருக்கிறார். அவர் வீட்டு மெஷினை வருஷா வருஷம் நான்தான் சர்வீஸ் செய்வேன். ஒரு வியாழக்கிழமை போனேன். டியூபின் முனையில் ஊசியால் ஒரே ஒரு குத்து. பிறகு உள்ளே ஒரு வயரைக் கொஞ்சம் மாற்றி வைத்தேன். தண்ணீர் ஏறும்போது மட்டும் மெஷினின் தகட்டில் கரண்ட் வரும், மற்ற நேரத்தில் டெஸ்டர் எரியாது. அதை எப்படிச் செய்தேன் என்று சொல்ல மாட்டேன். நீங்கள் எழுதி, அதை யாராவது படித்துச் செய்து பார்த்தால் பாவம்.

பூவம்மாவுக்கு மூட்டுவலி. வீட்டுக்குள்ளும் ரப்பர் செருப்பு போட்டுக்கொண்டுதான் நடப்பார். அவருக்கு ஒன்றும் ஆகக் கூடாது என்பதில் நான் கவனமாக இருந்தேன். ரமாபாய் எந்த வீட்டுக்குப் போனாலும் செருப்பை வாசலில் விட்டுவிடுவாள்.

மறுநாள் காலை பூவம்மா போன் செய்தார்.

"இன்னாப்பா வேதம், நேத்து தானே பாத்துட்டுப் போனே? தண்ணி நிக்காம வந்துகினே கீது. வூடெல்லாம் வெள்ளம். லாரித் தண்ணி மொத்தமும் போச்சு."

"ஆஃப் பண்ணிட்டு வுடுக்கா. நான் பெரம்பூர்ல கீறேன், வர ரெண்டு நாளு ஆவும். ரமாவைக் கூப்புடு. எனக்கு மேல பாப்பா."

நான் கடையில்தான் உட்கார்ந்திருந்தேன்.

"உன் வாயாலயே சொல்றே பாரு. பெரிய மனசுப்பா உனுக்கு" என்றார் பூவம்மா.

பதினொரு மணிக்கு ரமாபாய் போனாள். அந்த வீடியோவை நீங்கள் பார்த்துவிட்டீர்கள். தெருப் பெண்களுக்குக் காட்டுவதற்காகத் தன் போனை அலமாரியில் சாய்த்து வைத்து எல்லாவற்றையும் படம் எடுத்திருக்கிறாள். அது எனக்குத் தெரியாது. பிளக்கைப் பிடுங்குகிறாள், திறக்கிறாள், டியூபை உருவி வெளிச்சத்தில் பிடிக்கிறாள். பிறகு பூவம்மாவின் போனிலிருந்து, ஸ்பீக்கரில் போட்டு, என்னைக் கூப்பிட்டாள்.

"அண்ணே, டியூப்ல ஓட்ட கீது. தானா வுழுந்தது இல்லண்ணே. எலி கடிச்சாலும் இப்டி இருக்காது. ஊசில குத்துனா மாறி கீது. யாருண்ணே இப்டி செஞ்சிருப்பாங்க?"

"பசங்க எதுனா வெளையாடியிருக்கும்மா."

"ஓட்ட வுழுந்த முனையை வெட்டிட்டு மாட்டிட்டேன். டெஸ்டரும் வெச்சிப் பாத்துட்டேன், எரியல. ஆன் பண்ணவாண்ணே?"

"பண்ணும்மா. தண்ணி ஏறும்போது தகட்டுல காது வெச்சிக் கேளு."

"சரிண்ணே. தேங்க்ஸ்ண்ணே."

தரை நனைந்திருந்தது. தண்ணீர் ஏறும் சத்தம் எனக்குக் கேட்டது. பிறகு மெஷின் தரையில் தடதடவென்று ஆடும் சத்தம். பூவம்மா அலறினார்.

"வேதம், ரமா ஒட்டிக்கினாப்பா! எந்த சுச்சுப்பா? மூணு கீதே!"

எந்த ஸ்விட்ச் என்று எனக்குத் தெரியும். மூன்றில் எது எது எங்கே இருக்கிறது, ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள் என்றேன். பாவம், பதற்றத்தில் அவர் ஒவ்வொன்றாகச் சொன்னார். முழுவதையும் கேட்டுவிட்டு, நடுவில் இருப்பது என்றேன்.

அக்கம்பக்கத்தார் அவளை ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன பிறகு நான் பூவம்மா வீட்டுக்குப் போனேன். வயரைப் பழையபடி வைத்தேன். பிறகு ஆஸ்பத்திரிக்குப் போனேன். அன்புமணி பிணவறை வாசலில் உட்கார்ந்திருந்தான். "எத்தினி தபா சொன்னேன் நைனா, கரண்ட் வேலை வோணாம்னு" என்றேன். அவன் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அழுதான். நான் கைகளை இழுத்துக்கொள்ளவில்லை. பொம்பளைக்கு எதுக்கு இந்த வேலை என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். நான் அப்படி ஒரு வார்த்தை சொல்லவில்லை, சார். அவர்களாகவே சொன்னார்கள்.

பூவம்மாவுக்கு ஆரம்பத்திலிருந்தே ஏதோ உறுத்தியிருக்கிறது. அந்தப் பக்கம் போனால் என் முகத்தைப் பார்க்க மாட்டார். ஆனால் அவர் வாயைத் திறக்கவில்லை. ரமாபாயின் மகள் சினேகா, ஏழாம் வகுப்பு படிக்கிறவள், மூன்று வாரம் கழித்து அம்மாவின் குரலைக் கேட்க வேண்டும் என்று அந்தப் போனைத் திறந்திருக்கிறாள். அதில் அந்த வீடியோ இருந்தது. அம்மா ஒரு தவறும் செய்யவில்லை என்று அந்தக் குழந்தைதான் முதலில் சொன்னது. சரியாகத்தான் சொன்னது. ரமாபாய் அன்றைக்கு ஒரு தவறும் செய்யவில்லை.

ஓட்டையைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று அவள் சொன்ன போதாவது 'வேண்டாம், தொடாதே' என்று சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் நேற்றிலிருந்து கேட்கிறீர்கள். சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் வாயெடுத்தேன் என்று நேற்று உங்களிடம் சொன்னேன். ராத்திரி முழுக்க யோசித்துப் பார்த்தேன். அது உண்மையில்லை.

வீடியோவை இன்னொரு முறை போட்டுக் கேளுங்கள். 'ஆன் பண்ணவாண்ணே' என்று அவள் கேட்டதற்கும் நான் பதில் சொன்னதற்கும் நடுவில் பூவம்மாவின் குரல் இருக்கும். "வந்து பத்து நிமிசம் ஆவல, புடிச்சிட்டா பாரு. உன் சிஷ்யை உன்னையே தூக்கி சாப்புட்டாப்பா" என்பார். அதைக் கேட்டபோது எனக்கு அவளுடைய பாதுகாப்பு ஞாபகத்தில் இல்லை, சார். அவள் படிக்காதவள் என்பது ஞாபகத்தில் இல்லை. அவள் சாக வேண்டும் என்றுதான் ஆன் பண்ணச் சொன்னேன். எழுதிக்கொள்ளுங்கள்.