சுண்டுவிரல் கனத்தில் ஒரு ரப்பர் குழாய்

வண்டி குலுங்கினால் முதலில் பெட்ரோலைத்தான் சந்தேகிக்க வேண்டும். பெரும்பாலும் விஷயம் அதோடு முடிந்துவிடும். உங்கள் ஸ்டேஷன் ஜீப்புக்கும் இது பொருந்தும், இன்ஸ்பெக்டர்.

எங்களுடையது பழைய கோல்ஃப் வண்டி. ஏதோ மலையூர் மைதானத்தில் ஓடித் தேய்ந்து, கோயம்புத்தூர் வியாபாரி ஒருவர் மூலம் எங்கள் ஊருக்கு வந்தது. பேட்டரி அல்ல, பெட்ரோல். அத்தைக்காக வாங்கினேன். சுப்புலக்ஷ்மி என் அப்பாவின் தங்கை. கணவர் போன பிறகு எங்கள் வீட்டோடு வந்துவிட்டவள். விடிந்ததும் தாமிரபரணியில் குளித்து, ஈரப் புடவையோடு ஒரு சொம்பு ஆற்றுநீர் கொண்டுவந்து பூஜை செய்வாள். அது முடியும்வரை மடி. யாரும் அவளைத் தொடக்கூடாது, அவளும் பிறர் தொட்ட எதையும் தொடமாட்டாள். தையில் முழங்கால் போய்விட்டது. நடக்க முடியவில்லை, ஆற்றை விடவும் மனமில்லை. எங்கள் தெரு ஆட்டோ போகாத சந்து. அதனால்தான் இந்த வண்டி.

முன்னால் இரண்டு பேர் உட்காரலாம். பின்னால் ஒரு இருக்கை, பின்பக்கம் பார்த்தபடி. பக்கத்தில் யாரும் இல்லாத இடம் என்று அத்தை அதையே எடுத்துக்கொண்டாள். இருக்கையின் ரெக்சினில் யார் யாரோ உட்கார்ந்திருப்பார்கள் என்பதால் அதன்மேல் ஒரு மரமணையைப் போட்டுக்கொள்வாள். பிடிகம்பியும் பலர் பிடித்ததுதான், ஆகவே பிடிக்கமாட்டாள். இரண்டு கையாலும் சொம்பைப் பிடித்திருப்பாள். பெல்ட்டை முதல் நாளே என்னைக் கொண்டு அறுக்கவைத்தாள்.

பெடலை மிதித்தால் இன்ஜின் சற்று யோசிக்கும், பிறகு பாயும். சமதரையில் அது வெறும் தொல்லை. படித்துறையிலிருந்து தெருவுக்கு ஏறும் கற்சரிவில் நிலைமை மோசம். சொம்பில் பாதி அவள் மடியிலேயே கொட்டும்.

“ஏண்டா சுந்தர்ராமா, இதுக்கு என்னைத் தூளி கட்டித் தூக்கிண்டு போயிருக்கலாமேடா” என்பாள்.

ஸ்ரீவைகுண்டத்திலிருந்து மாரிசெல்வத்தைக் கூப்பிட்டேன். பம்புசெட் இன்ஜின் பார்க்கிறவன். ஓட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

“சார், இது சண்டி மாடுல்லா. மிதிச்சா யோசிக்கு, பொறவு பாயுது. என்னத்த ஊத்துதீய, பெட்ரோலா பதனியா?”

நான் ஒரு பம்பு ஆலையில் தர ஆய்வாளராக இருந்தவன். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும், ஓட்டிப் பார்க்க வேண்டும், பிறகுதான் அடுத்தது. எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் குறை போய்விடும், எது குறை என்பது கடைசிவரை தெரியாது. மாரிசெல்வத்துக்கு இது பொறுமையைச் சோதித்தது, ஆனாலும் கேட்டான். டாங்கை வடித்துப் புதுப் பெட்ரோல் ஊற்றினோம். பிளக் மாற்றினோம். வடிகட்டி, கார்புரேட்டர், இன்ஜின் பெல்ட். ஒவ்வொன்றும் நிரபராதி. கடைசியில் மிஞ்சியது இன்ஜினிலிருந்து பெட்ரோல் பம்புக்குப் போகும் ஒரு ரப்பர் குழாய், சுண்டுவிரல் கனம். இன்ஜினின் மூச்சு அதன் வழியாகப் போய்த்தான் பம்பை இயக்குகிறது. வளைத்துப் பார்த்தால் மட்டும் தெரியும்படி, மயிரிழை போல் ஒரு வெடிப்பு. புதுக் குழாய் மாட்டியதும் வண்டி நெய்யாக ஓடியது.

“இனி கையில காப்பித் தம்ளரோட போவலாம் சார், தளும்பாது” என்றான் மாரிசெல்வம்.

பழைய குழாயை அவன் வீசினான். நான் எடுத்து வைத்துக்கொண்டேன். அப்போது எந்த எண்ணமும் இல்லை. குறையுள்ள உறுப்பை வைத்திருப்பது ஆலைப் பழக்கம்.

என் மனைவி ப்ரீத்தி அதற்கு முன்பே, தையில், மீனுவை அழைத்துக்கொண்டு பாளையங்கோட்டையில் தன் அப்பா வீட்டுக்குப் போய்விட்டிருந்தாள். போனில் ஒன்றுதான் சொன்னாள்: “உங்காத்துல என்னால மூச்சு விட முடியலை.” பிறகு எடுப்பதில்லை. நான் நின்றுகொண்டே சாப்பிட்டேன். மீனுவின் சின்னச் செருப்பை வாசல் பார்த்துத் திருப்பி வைத்திருந்தேன். ஒருநாள் பள்ளிக்கு எதிரே போய் நின்றேன். என்னைப் பார்த்ததும் மீனு ஆயாவின் புடவைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். ஐந்து வயதுக் குழந்தைக்கு இது தானாக வராது, யாரோ சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும். பஸ் ஏறாமல் ஜங்ஷன்வரை நடந்தே வந்தேன். இப்படியே போனால் நான் மிஞ்சமாட்டேன் என்று தெரிந்தது.

அதனால் ப்ரீத்தி ஏன் போனாள் என்று என் முறைப்படி ஒவ்வொன்றாகப் பார்த்தேன். அவளுக்கு வேறு ஆள் இல்லை. அவள் போனைத் தினமும் வாங்கிப் பார்த்துவிட்டுத்தான் கொடுப்பேன். வெளி அலைச்சல் இல்லை, கடை கண்ணிக்கு நானே போவேன். திருட்டுப் பயம் இல்லை, வாசலைப் பூட்டிச் சாவியை என் இடுப்பில் வைத்திருப்பேன். கை ஓங்கியது உண்டு, காரணமில்லாமல் ஓங்கியதில்லை. எல்லாவற்றையும் விலக்கியபின் மிஞ்சியது அத்தை. தொடாதே, தள்ளி நில், அந்தப் பாத்திரம் வேறு, இந்தப் பாத்திரம் வேறு. அப்படிப்பட்ட வீட்டில் யாருக்குத்தான் மூச்சு முட்டாது?

ஆடியில் அத்தையிடமே சொன்னேன், ப்ரீத்தியைப் போய் அழைத்துவரப் போகிறேன் என்று. அவள் பூத்தொடுத்தபடி நிமிராமல் சொன்னாள்:

“அவளை அங்கயே இருக்க விடுடா. இங்க வந்து என்னத்தைப் பண்ணப் போறா?”

அதன் பிறகு எனக்குச் சந்தேகம் இல்லை.

மறுநாள் காலை அவள் ஆற்றில் இறங்கியதும் வண்டியின் இருக்கையைத் தூக்கிப் பழைய குழாயை மாட்டினேன். சிறிய வேலைதான். அவள் தண்ணீரிலிருந்து பார்த்தாள்.

“என்னடா நோண்டிண்டிருக்கே?”

“ஒண்ணுமில்லை அத்தை, சும்மா பாக்கறேன்.”

“சீக்கிரம் வா. ஈரத்தோட நிக்க முடியலை.”

அவளாகத்தான் ஏறினாள். மணையில் உட்கார்ந்து, ஆற்றைப் பார்த்தபடி, “போலாம்டா” என்றாள். சரிவின் நடுவில் ஒருமுறை நிறுத்தினேன். பிறகு பெடலை முழுதாக மிதித்தேன். இன்ஜின் யோசித்தது. பாய்ந்தது. கல்லில் மணை விழும் சத்தம் முதலில் கேட்டது, சொம்பு அடுத்து. சரிவில் நிற்கும் வண்டிக்கு முதலில் பிரேக்கைப் பூட்ட வேண்டும், அதைச் செய்துவிட்டுத்தான் இறங்கினேன். அவளுக்கு அப்போது உயிர் இருந்தது. என் பக்கம் கையை நீட்டினாள். நான் தொடவில்லை. மடியில் இருந்தாள், அதைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை. கை இறங்கும்வரை பக்கத்திலேயே நின்றிருந்தேன்.

துக்கம் கேட்க வந்த மாரிசெல்வம் இருக்கையைத் தூக்கிப் பார்த்தான். “சார், இது நான் கழத்திப் போட்டதுல்லா?” என்றான். அவன் உங்களிடம் வந்தான். வராவிட்டாலும் நானே வந்திருப்பேன்.

ப்ரீத்தியும் வந்தாள், தன் அப்பாவோடு. மீனுவை அழைத்துவரவில்லை. வாசற்படி ஏறாமல் தெருவில் நின்றே சொன்னாள்:

“எங்களை அனுப்பினதே அத்தைதான். கொல்லைக் கதவுக்கு அவகிட்ட ஒரு சாவி இருந்தது. விடியக்காலம் குளிச்சிட்டு வந்தவ, மடியெல்லாம் பாக்காம தூங்கிண்டிருந்த மீனுவைத் தோள்ல போட்டுண்டு பஸ் நிக்கற இடம்வரைக்கும் நடந்தா. அன்னிக்கிப் போனதுதான் அவ முழங்கால். தினமும் போன் பண்ணுவா. அவன் மாறலை, வராதேம்மான்னு.”

துக்கத்தில் மனிதர்கள் எதையாவது சொல்வார்கள். நான் இங்கே உட்கார்ந்து அதைப் பொறுமையாகச் சோதித்துப் பார்த்தேன். யாரையும் தொடாதவள் ஒரு குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தாள் என்பது பொருந்தவில்லை.

ஒரு உதவி செய்யுங்கள். மாரிசெல்வத்திடம் சொல்லிப் புதுக் குழாயைத் திரும்ப மாட்டச் சொல்லுங்கள். பின் இருக்கைக்கு ஒரு பெல்ட்டும் வேண்டும், மீனு அங்கேதான் உட்கார ஆசைப்படுவாள். ப்ரீத்திக்கும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். குறை எது என்று கண்டுபிடித்து எடுத்தாயிற்று, இனி அவள் வீட்டுக்கு வரலாம்.