தொங்க மாட்டேங்குற பீரங்கி

இந்தப் பொம்மையும் சரியா வந்துடுச்சு சார்! அதுதான் இப்பப் பிரச்சினையே. இன்னும் கொஞ்சம் வாயைத் தொறங்க… ஆ… அப்படியே இருங்க. ஊசி போட்டாச்சு, மரத்துப்போகக் கொஞ்ச நேரமாகும். அதுவரைக்கும் அந்த மேசையப் பாருங்க. தலையத் திருப்பாதீங்க, கண்ணை மட்டும். பச்சைக் கலர்ல உள்ளங்கை அளவுக்கு வரிசையா நிக்குதில்ல, பீரங்கி வண்டிங்க? எல்லாம் பிளாஸ்டிக். எல்லாம் நான் ஒட்டினது. ஒண்ணுலயாவது ஒரு குறை சொல்லுங்க பாப்போம். சொல்ல முடியாது. வாயில பஞ்சு இருக்கு. பஞ்சு இல்லன்னாலும் சொல்ல முடியாது, அவ்வளவு சுத்தம். வயித்தெரிச்சலா இருக்கு சார்!

எல்லாம் என் மாமனாரால வந்த வினை. பட்டாளத்துல பீரங்கி வண்டி ஓட்டினவரு. ரிட்டையர் ஆகியும் இன்னைக்கும் கார்ல ஏறணும்னா மேல கூரை வழியா ஏற எடம் இருக்கான்னுதான் மொதல்ல பாப்பாரு. அவர் கணக்குல நான் டாக்டரே இல்ல. மொத மொதப் பாத்தப்ப, "என்ன டாக்டரு?"ன்னாரு. "பல் டாக்டர்"னேன். "ஓ"ன்னாரு. அந்த "ஓ" இருக்கே சார்… இன்னும் காதுக்குள்ளயே சுத்துது.

வர ஞாயித்துக்கிழமை அவருக்குப் பொறந்தநாள். போன மாசம் எல்லாரும் சாப்பிட்டுக்கிட்டு இருந்தப்ப, "மாமா, நீங்க ஓட்டின அதே வண்டிய நானே என் கையால பெருசா செஞ்சு குடுக்கறேன்"னு சொல்லிட்டேன். தினம் அடுத்தவங்க வாய்க்குள்ள கை விடறவன், என் வாய அடக்கத் தெரியல பாருங்க. எச்சில் வந்தா துப்புங்க. ம்.

துண்டு துண்டா ஒட்டிச் செய்யற பொம்மை பீரங்கி, ஆர்டர் போட்டேன், பெரிய பெட்டியில வந்துச்சு. "டேங்க் வாங்கியிருக்கேன்"னு வீட்டுக்காரிகிட்டச் சொன்னா, "மாடியில இருக்கற தண்ணி டேங்க்கே ஒழுகுது, அதைக் கவனிங்க"ங்கறா. தொறந்து பாத்தா… அய்யய்யோ! சட்டம் சட்டமா பிளாஸ்டிக்கு, அதுல சுண்டக்கா கொத்து மாதிரித் துண்டுங்க, ஒவ்வொண்ணும் எறும்பு சைஸு. நம்ம நர்ஸம்மாதான் சொன்னாங்க, "டாக்டர், மொதல்ல சின்னதா ஒண்ணு செஞ்சு பழகிக்கங்க"ன்னு. நல்ல யோசனைன்னு வாங்கினேன். அப்பவே யாராவது வேண்டாம்னு சொல்லியிருக்கலாம்.

முதல் குட்டிய இங்கதான் ஒட்டினேன், ஒரு பேஷண்டுக்கும் இன்னொரு பேஷண்டுக்கும் நடுவுல. எப்படி வந்துச்சுங்கறீங்க? சுத்த வேண்டிய மண்டை சுத்தல, பசை வழிஞ்சு கெட்டியாப் புடிச்சுக்கிச்சு. முன்னாடி நீட்டிக்கிட்டு இருக்கற குழலு இருக்கே, அது காய்ஞ்ச பாவக்கா மாதிரித் தொங்கிருச்சு. சக்கரத்தச் சுத்தி ஓடற பட்டை ஒரு பக்கம் கழண்டு நாக்க நீட்டிக்கிட்டு இருந்துச்சு. குப்பையில போடத்தான் வெச்சிருந்தேன் சார், சத்தியமா!

அன்னைக்குன்னு மாமனார் பல்செட்ட சரி பண்ண வந்தாரு. இதே நாற்காலி. இதே மாதிரி வாயப் பொளந்துக்கிட்டு. கண்ணு அந்தக் குட்டி கெடந்த தட்டுமேல போச்சு. டக்குனு எழுந்து உக்காந்துட்டாரு. அந்தக் குட்டிய எடுத்து உள்ளங்கையில வெச்சு, இப்படிப் பாக்கறாரு, அப்படிப் பாக்கறாரு. நான் செத்தேன்னு நின்னேன். பொக்கை வாயோட, "மாப்ள… இது என் வண்டி"ன்னாரு.

"என்ன மாமா?"

"இதே மண்டை, இப்படித்தான் சிக்கிக்கும். குழலு இப்படித்தான் தொங்கும், என் கூட்டாளிங்க அதுல துணி காயப்போடுவானுங்க. பட்டை இந்தப் பக்கந்தான் கழண்டுக்கும். ஒரு பயிற்சியில நேரா போன்னா வட்டம் போட்டுச்சு, எங்க சமையல் கூடாரத்தையே மூணு தடவ சுத்தி வந்துச்சு. அதுக்குள்ளயே பத்து வருஷம் இருந்தேன். யார்கிட்டயும் சொன்னதில்ல. உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது டாக்டரே?"

டாக்டரே! கேட்டீங்களா சார்? டாக்டரேன்னாரு! அவரு கண்ணுல தண்ணி, எனக்கும் தண்ணி, நர்ஸம்மா ரெண்டு பேருக்கும் பஞ்சு குடுத்தாங்க. அந்தக் குட்டிய சட்டைப்பையில போட்டுக்கிட்டாரு. பல்செட்ட மறந்துட்டாரு. வாசல்ல நின்னு, "பெருசும் அச்சு அசலா இப்படியே இருக்கணும். எதுனா ஒண்ணு சரியா இருந்துச்சுன்னாலும் அது வேற எவனோட வண்டியோ"ன்னுட்டுப் போனாரு.

அன்னையிலேர்ந்து இந்தக் கையால ஒரு தப்பு பண்ண முடியல சார்! பழகிருச்சு! இடது கையால ஒட்டிப் பாத்தேன், கச்சிதமா வருது. கண்ண மூடிக்கிட்டு ஒட்டினேன், இன்னும் கச்சிதமா வருது. வேணும்னே குழல வளைச்சேன், தொங்கற மாதிரி இல்ல, கும்புடு போடற மாதிரி இருக்கு. அதைப் போட்டோ எடுத்து அனுப்பினா, "இது நடிக்குது மாப்ள"ங்கறாரு. திரும்ப மாப்ள ஆயிட்டேன்! வீட்டுக்காரி, "கல்யாணமாகி இத்தன வருஷத்துல அப்பா உங்கள ஒரே ஒரு தடவதான் பாராட்டியிருக்காரு. நல்லா செஞ்சு கெடுத்துடாதீங்க"ங்கறா. எந்த வீட்டுலயாவது இப்படி ஒரு புத்திமதி உண்டா?

அதோ, பெருசு. உடம்பு முடிஞ்சுது. மண்டை, குழலு, ஒரு பக்கத்துப் பட்டை, அவ்வளவுதான் பாக்கி. தொடவே பயமா இருக்கு, சரியா ஒட்டிருமோன்னு.

சரி, மரத்துப்போச்சா? கன்னத்தத் தட்டிப் பாருங்க. ம்? எதுக்கு அந்தப் பக்கத்தக் காட்டறீங்க? அந்தப் பல்லு இல்ல சார், இந்தப் பல்லு… ம்ம்? என்ன? வலி அந்தப் பக்கமா? அப்ப இந்தப் பக்கம் நல்லா இருக்கா? நான் இந்தப் பக்கத்துலதான ஊசி போட்டிருக்கேன்…

சார். சார்! தப்பு! தப்பு பண்ணியிருக்கேன் சார்! இத்தன வருஷத்துல பக்கம் மாத்தி ஊசி போட்டதே இல்ல! பேசிக்கிட்டே போட்டேன்ல, அதான்! முதல் குட்டிய ஒட்டறப்பவும் நம்ம நர்ஸம்மாகிட்ட இந்த ஒழுகற டேங்க்கப் பத்திப் பொலம்பிக்கிட்டேதான் ஒட்டினேன்! கையில குறையே இல்ல சார், தப்பு வரணும்னா பேச்சுதான் வேணும்! நர்ஸம்மா, அந்தப் பெருச இப்படிக் கொண்டாங்க! பசை, பசை!

சார், எழுந்திரிக்காதீங்க. மறு பக்கத்துக்கு ஃப்ரீயா ஊசி போடறேன். வெறும் மண்டை, குழலு, ஒரு பட்டை, அவ்வளவுதான், நான் பேசிக்கிட்டே ஒட்டறேன், நீங்க சும்மா வாயப் பொளந்துக்கிட்டு… எங்க போறீங்க? கழுத்துல துண்டு! வாயில பஞ்சு சார்! அந்தக் கதவத் தள்ளக்கூடாது, இழுக்கணும்…

போயிட்டாரு. நல்ல மனுஷன், நல்லாக் கேட்டுக்கிட்டாரு.

நர்ஸம்மா, நீங்களாவது இந்த நாற்காலியில உக்காருங்க. பயப்படாதீங்க, வாயெல்லாம் தொறக்க வேண்டாம். அந்தக் குழல மட்டும் என் கையில குடுத்துட்டு, ஏதாவது கேளுங்க… எங்க மச்சினனப் பத்திக் கேளுங்க, பொலம்ப ஆரம்பிச்சா நிறுத்தவே மாட்டேன்.