டின்னுக்குள் தாளம்

தொண்டை கட்டிக்கொண்டால் நான் மாத்திரை போடுவதில்லை. வெந்நீரில் கல்லுப்பைப் போட்டுக் கொப்பளித்தால் மறுநாள் குரல் மணி மாதிரி இருக்கும். குரல்தான் என் பிழைப்பு, அதனால் அதைப் பார்த்துப் பார்த்து வைத்துக்கொள்கிறேன். தண்ணீர் வேண்டுமா என்று நீங்கள் கேட்டபோது நான் வெந்நீர் கேட்டது அதற்காகத்தான். பிகு பண்ணுகிறேன் என்று நினைக்க வேண்டாம்.

ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையில் பகல் ஷிப்டுக்கு நான் பொறுப்பாளர். அவசரம் என்று நீங்கள் கூப்பிட்டால் முதலில் கேட்பது எங்களில் ஒருவர் குரலைத்தான். ஜன்னல் இல்லாத அறை, காதில் ஹெட்செட், எந்த வண்டி எங்கே நிற்கிறது என்று காட்டும் திரை. ஊரார் அலறலை எல்லாம் காதில் வாங்கிக்கொண்டு, "பதறாதீங்க, நான் லைன்லயே இருக்கேன்" என்று நாள் முழுக்கச் சொல்ல வேண்டும். வண்டி போய்ச் சேர்ந்த பிறகுதான் லைனை வெட்டலாம். அந்த மனுஷன் பிழைத்தானா போனானா என்று யாரும் எங்களுக்குச் சொல்வதில்லை. அதற்குள் அடுத்த அலறல் வந்துவிடும்.

இதை வீட்டுக்குச் சுமந்துகொண்டு போனால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். ஒருநாள் சாப்பிடும்போது என் வீட்டுக்காரருக்குப் புரை ஏறியது. நான் தண்ணீர் கொடுக்கவில்லை. "நோயாளிக்கு வயசு என்ன?" என்று கேட்டேன். அவர் சிரித்தார், எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதற்குப் பிறகுதான் வெள்ளிக்கிழமை ஷிப்டு முடிந்ததும், இசையை ஓடவிட்டு நாமே பாடும் கரோக்கேவுக்குப் போகலாம் என்று எங்கள் ஆட்களைக் கிளப்பினேன்.

வாடகை அறைதான். சுவரெல்லாம் பஞ்சு வைத்த மெத்தை, கிழிந்த ரெக்ஸின் சோபா, ஊரான் எச்சில் வாடை அடிக்கும் மைக். கதவைச் சாத்தினால் வெளிச்சத்தம் உள்ளே வராது. கண்ணாடி என்று நாங்கள் கூப்பிடும் சகா ஒருத்தர் பாடினால் பல்லைக் கடித்துக்கொண்டுதான் கேட்க வேண்டும். ஆனால் பாடிவிட்டு உட்காரும்போது அவர் முகத்தில் வாரம் முழுக்க இல்லாத ஒரு தெளிவு இருக்கும். அதைப் பார்க்கவே நான் போவேன் என்று சொன்னால் நீங்கள் நம்ப வேண்டும்.

ஒரே ஒரு கட்டுப்பாடு வைத்திருந்தேன். உள்ளே வந்ததும் எல்லாருடைய போனும் பெரிய பிஸ்கட் டின் ஒன்றுக்குள் போக வேண்டும். டின் என் பக்கத்தில் இருக்கும். நாள் முழுக்கப் போனோடு மாரடித்தவர்களுக்கு அந்தக் கொஞ்ச நேரமாவது போன் இல்லாமல் இருக்க வேண்டாமா?

ரேடியோவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எந்நேரமும் எதையாவது முணுமுணுத்துக்கொண்டே இருப்பான், அதனால் அந்தப் பெயர். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு குழந்தைக்காக வந்த அழைப்புக்குப் பிறகு கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டவனை நான்தான் பேசிப் பேசி வெளியே கொண்டுவந்தேன். அவனோடு நான் பாடும் இருகுரல் பாட்டு ஒன்று இருந்தது. ஆண் பாட்டு அவனுக்கு, பெண் பாட்டு எனக்கு. வாரம் தவறாமல் பாடுவோம். அவன் எனக்குத் தம்பி மாதிரி. வேறு எதையாவது உங்கள் காகிதத்தில் எழுதினால் நான் கையெழுத்துப் போட மாட்டேன்.

பிறகு அவனுக்குக் கல்யாணம் ஆனது. ஒரு பள்ளிக்கூடத்து டிராயிங் டீச்சர். நானும் போய் வாயார வாழ்த்திவிட்டுத்தான் வந்தேன். அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமைகளில் அவன் தலை தெரிவது அபூர்வமாகிவிட்டது. கேட்டால், "அவ தனியா இருப்பாக்கா" என்பான். நாங்கள் எல்லாரும் தனியாகத்தான் இருந்தோம்.

ஒருமுறை அவளையும் அழைத்து வந்தான். ஒல்லியான பெண், நகக்கண்ணில் வர்ணம் ஒட்டியிருந்தது. எல்லாரும் பாடச் சொன்னார்கள். "எனக்கு இழுப்பு இருக்குக்கா, பாடினா மூச்சு வாங்கும். நான் தாளம் போடறேன்" என்று சொல்லி, மேசையை நகத்தால் தட்டிக்கொண்டே இருந்தாள். நானும் ரேடியோவும் எங்கள் பாட்டை எடுத்தோம். உச்சத்துக்குப் போகும் இடத்தில் என் குரல் கொஞ்சம் பிசிறு தட்டியது. அவள் சொன்னாள்: "அக்கா பாடறப்போ யாராச்சும் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டு வச்சுக்குங்கப்பா."

எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ரேடியோவும் சிரித்தான், கண்ணில் நீர் வரச் சிரித்தான். நானும் சிரித்தேன். நல்ல ஜோக்தான், எங்கள் தொழிலுக்குப் பொருத்தமானது. அதை நான் மனசில் வைத்துக்கொண்டதாக நீங்கள் நினைக்கக் கூடாது.

இப்போது எங்கள் வேலை முறை ஒன்றைச் சொன்னால்தான் உங்களுக்கு மற்றது விளங்கும். பேச முடியாதவர்களும் எங்களைக் கூப்பிடுவார்கள். நாக்கு இழுத்துக்கொண்டவர்கள், தொண்டையில் ஏதோ சிக்கிக்கொண்டவர்கள், பக்கத்தில் நிற்கும் ஆளுக்குப் பயந்து வாய் திறக்காதவர்கள். அவர்களைப் போனில் நகத்தால் தட்டச் சொல்வோம். ஆமாம் என்றால் ஒரு தட்டு, இல்லை என்றால் இரண்டு. ஆனால் விளையாட்டுக்குக் கூப்பிடும் பிள்ளைகளும் பேசாமல்தான் இருக்கும். வேலை கழுத்தை நெரிக்கும்போது எங்கள் ஆட்கள் சிலர் ஒன்றும் கேட்காமலே லைனை வெட்டிவிடுவார்கள். ரேடியோவுக்கு அது தெரியும். அதனால் டீச்சரிடம் சொல்லி வைத்திருந்தான்: "மூச்சு முட்டிப் பேச முடியலன்னா அவசர நம்பருக்கு அடிக்காதே. எனக்கு அடி. சும்மா தட்டு, நான் வண்டி அனுப்பிடறேன்."

இதை என்னிடம் பெருமையாகச் சொன்னான். வெளியார் யாரும் இப்படி ஒரு தப்பைச் செய்ய மாட்டார்கள், எங்கள் அறைக்குள் உட்கார்ந்து பார்த்தவனுக்குத்தான் எங்கள் மேல் இப்படி ஒரு அவநம்பிக்கை வரும். அவனைத் திருத்தியிருக்க வேண்டியவள் நான். "நல்ல யோசனைடா" என்றேன்.

அந்த வெள்ளிக்கிழமை அவனை விடாப்பிடியாக இழுத்துக்கொண்டு போனேன். அந்த வாரம் ஒரு தீவிபத்து, எல்லாரும் நொந்து நூலாகியிருந்தோம். டின்னை நீட்டியபோது தயங்கினான்.

"அக்கா, காலைல இருந்து அவளுக்கு நெஞ்சு கட்டியிருக்கு. என் போன் மட்டும் கைல இருக்கட்டுமே."

"எங்கிட்டதானேடா இருக்கு? வந்தா நான் பாத்துக்கறேன், நீ நிம்மதியா பாடு."

என்னை நம்பிக் கொடுத்தான்.

எங்கள் பாட்டுக்கு முந்திய பாட்டை யாரோ பாடிக்கொண்டிருக்கும்போது டின் அதிர்ந்தது. அவன் போன்தான். திரையில் 'வீடு' என்று இருந்தது, அவளை அப்படித்தான் பதிந்து வைத்திருந்தான். எடுத்துக்கொண்டு அறைக்கு வெளியே இருந்த நடைக்குப் போனேன். அந்த நடையில் கேமரா இருக்கிறது என்று நீங்கள் இன்றைக்குப் படம் போட்டுக் காட்டினீர்கள். அதற்கு அவசியமே இல்லை. முன்னாலேயே கேட்டிருந்தால் முன்னாலேயே சொல்லியிருப்பேன். யாரும் என்னைக் கேட்கவில்லை.

பேச்சு வரவில்லை. கோணித் துணியைத் தரையில் இழுக்கிற மாதிரி மூச்சு மட்டும் கேட்டது. பிறகு தட்டினாள். நான் வேலைக் குரலில் கேட்டேன், அது தானாகவே வந்துவிடும்.

"டீச்சரா?" ஒரு தட்டு.

"இழுப்பா?" ஒன்று.

"இன்ஹேலர்ல மருந்து இருக்கா?" இரண்டு.

"வாசக்கதவு திறந்திருக்கா?" ஒன்று.

கேள்விகளை எல்லாம் முறைப்படி, வரிசை தப்பாமல் கேட்டேன். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருக்கிறாள் என்று புரிந்தது. அவர்கள் தெரு முனையிலேயே எங்கள் வண்டி ஒன்று நிற்கிறது. அதை அங்கே நிறுத்தச் சொன்னவளே நான்தான். என் போனும் டின்னில்தான் இருந்தது, ஆனால் அது கதவுக்கு அந்தப் பக்கம், நாலடி தூரம். கட்டுப்பாட்டு அறைக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வண்டி கிளம்பியிருக்கும்.

அப்போது கதவைத் திறந்து கண்ணாடி தலையை நீட்டினார். நான் முதுகு காட்டி நின்றதால் கையில் இருந்த போனை அவர் பார்க்கவில்லை. "அக்கா, உங்க பாட்டு ஆரம்பிச்சிடுச்சு. ரேடியோ மைக்கோட நிக்கறான், வாங்க."

நான் போனில் சொன்னேன்: "பதறாதீங்கம்மா. நான் லைன்லயே இருக்கேன்." பொய் சொல்லவில்லை. பாட்டு முடியும் வரைக்கும் லைனில்தான் இருந்தேன்.

உள்ளே வந்து போனைச் சத்தமாகக் கேட்கும்படி வைத்து, டின்னில் போட்டேன். மூடியைப் போடவில்லை. புருஷன் பாடுவதை அவளும் கேட்கட்டுமே என்று தோன்றியது. இசை அலறிக்கொண்டிருந்ததால் மற்றவர்கள் காதில் எதுவும் விழ வாய்ப்பில்லை. டின் பக்கத்தில் நின்று பாடியதால் எனக்கு மட்டும் இடையிசையில் கேட்டது. நகத்தால் தட்டிக்கொண்டிருந்தாள். முதல் சரணம் முடியும் வரை இரண்டிரண்டாகத் தட்டினாள். இல்லை, இல்லை என்று அதற்கு அர்த்தம் என்பீர்கள். எனக்கு அது தாளமாகத்தான் பட்டது. பாட வராது, தாளம் போடுவேன் என்று அவளே சொன்னவள்தானே. அப்புறம் ஒற்றையாக வந்தது. அப்புறம் இடைவெளி விட்டு வந்தது.

அந்த உச்ச இடம் வந்தது. பிசிறே இல்லாமல் ஏறினேன். நான் வாழ்நாளில் அப்படிப் பாடியதில்லை, அன்றைக்கு எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. பாட்டு முடிந்ததும் எல்லாரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். ரேடியோ என் கையைப் பிடித்துக் குலுக்கி, "அக்கா, பின்னிட்டீங்க" என்றான். டின்னில் சத்தம் நின்றிருந்தது. குனிந்து லைனை வெட்டினேன். வண்டி போய்ச் சேரும் முன்னால் லைனை வெட்டக் கூடாது என்பது எங்கள் விதி. முறைப்படி பார்த்தால் நான் செய்த தவறு அது ஒன்றுதான். அதன் பிறகு மூடியைப் போட்டேன். அவன் இன்னும் இரண்டு பாட்டுப் பாடிவிட்டுத்தான் வீட்டுக்குப் போனான்.

சுற்றி வளைக்காமல் எழுதிக்கொள்ளுங்கள். அவள் மூச்சு முட்டிச் சாகிறாள் என்று எனக்குத் தெரிந்தது. அனுப்ப வண்டி இருந்தது. நான் அனுப்பவில்லை, பாடினேன்.

அவன் போனில் அழைப்பு எடுத்ததாகப் பதிவாகியிருந்தது. டின்னில் போன்கள் ஒன்றோடொன்று உரசி, அழைப்பு தானாக எடுபட்டுவிட்டது என்று எல்லாரும் நம்பினார்கள். ரேடியோவும் அப்படித்தான் நம்புகிறான். வேலையை விட்டு நின்றுவிட்டான். போய்ப் பார்த்தேன், சாப்பாடு கொண்டு போனேன். சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். "அவ அந்தப் பக்கம் தட்டிக்கிட்டே இருந்திருக்காக்கா. கேக்க ஒரு ஆள் இல்லாம போச்சே. நான் பாடிக்கிட்டு இருந்தேன்" என்றான். அவனிடம் இப்போது ஒரு முணுமுணுப்புக்கூட இல்லை.

ஆகவே இதைப் படித்து அவனிடம் நீங்களே சொல்லுங்கள். கேட்க ஆள் இருந்தது, வேற்றாள்கூட இல்லை, அக்காதான் இருந்தாள் என்று சொல்லுங்கள். கடைசி வரை தட்டினாள், அவன் குரலைக் கேட்டுக்கொண்டேதான் போனாள். தெரிந்தால் அவன் மனசு கொஞ்சம் ஆறும். ஆறினால் பாட வருவான், எனக்கு அவனைத் தெரியும்.

கையெழுத்து எங்கே போட வேண்டும்? வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் என்னை விட்டுவிடுவீர்கள் அல்லவா? அறையை நான் இன்னும் ரத்து செய்யவில்லை.