நூறாவது வாத்து யாருடையது?

இஷ்கெல் ஏரிக்கரையின் பறவைக் கணக்கெடுப்புப் பெருவிழாவுக்குத் தலைமையேற்று, முகத்தை முறைப்பாக வைத்து முன்னே வீற்றிருக்கும் விலாங்கு மீனவர் தலைவர் ஹம்மாதி அவர்களே! சேறு காயாத செருப்போடு வந்து சேர்ந்திருக்கும் பெரியோர்களே! சுடச்சுட ரொட்டியை வைத்துக்கொண்டு பேசுகிறவனைச் சோதிக்கும் தாய்மார்களே! உங்கள் அனைவர் மீதும் சாந்தி உண்டாகட்டும்!

இந்த ஏரிப் பூங்காவின் காவலாளி மொன்ஸெஃப் பேசுகிறேன். மூன்றாண்டு மழை பொய்த்தது. ஏரி உப்பானது, கோரை கருகியது, கோரைக்கிழங்கு தின்ன வரும் சாம்பல் வாத்துகள் நம்மை மறந்தன. அந்தப் பாழாய்ப்போன நேரத்திலா நான் தலைவர் வீட்டுக்குப் பெண் கேட்டுப் போக வேண்டும்? போனேனே! தலைவர் என்ன சொன்னார்?

"நூறு வாத்து வந்து எறங்கட்டும், எம் மக மப்ரூக்காவைக் கட்டித் தர்றேன். ஒண்ணு கொறஞ்சாலும் இந்தப் பக்கம் தலை காட்டாதே!"

சிரிக்கிறீர்களா தாய்மார்களே? எனக்கு அன்று அழுகை வந்தது!

இந்தக் குளிர்காலம் கொட்டியதய்யா மழை! ஏரி இனித்தது, புல்வெளி எழுந்தது, வானம் முழுக்கச் சிறகு! இன்று காலை தொலைநோக்கியோடு நான், பக்கத்திலேயே தலைவர். தொண்ணூற்றெட்டு! தொண்ணூற்றொன்பது! நூறு! குதித்தேன், வழுக்கினேன், குப்புற விழுந்தேன்!

தலைவர் தொலைநோக்கியைப் பிடுங்கினார். "அடேய், கடைசியா நிக்குதே, கால்ல செகப்புக் கம்பளி நூலு! அது எங்க வீட்டு வாத்துடா! நேத்துதான் தப்பிச்சு ஓடுச்சு. செல்லாது, செல்லாது! தொண்ணூத்தொம்போது!"

என் உயிரே போய்விட்டது. அவர் கூப்பிட்டார், கெஞ்சினார், பார்லியை அள்ளி வீசினார். அது வந்ததா? காட்டு வாத்துகளின் நடுவே நின்று கழுத்தை நீட்டிக் கத்தியதே தவிர, ஓர் அடி நகரவில்லை!

அப்போதுதான் மப்ரூக்கா முன்னால் வந்தாள். "பாபா, அது உங்க கையால தின்னு வளந்ததுதான். இப்ப தனக்குப் பிடிச்ச எடத்துக்குப் போயிருச்சு. அந்தக் கூட்டத்தோடதான் எண்ணணும். எனக்கும் பிடிச்ச எடம் இருக்கு. நூறுன்னு எழுதச் சொல்லுங்க."

தலைவர் மிச்சப் பார்லியைக் கொட்டிவிட்டு மேடைக்கு வந்துவிட்டார். பதிவேடு இதோ, என் கையில் காலியாக இருக்கிறது. பெருமக்களே, நீங்களே சொல்லுங்கள்: தொண்ணூற்றொன்பதா? நூறா?

ஆகா! நூறு என்று நீங்கள் கத்தியது அக்கரைக்கே கேட்டிருக்கும்! மெல்ல, மெல்ல, வாத்துகள் பறந்துவிடப் போகின்றன! பொறுங்கள்... தலைவர் எழுந்திருக்கிறார். என்ன சொல்கிறீர்கள்?

"ரெண்டும் நான் கூப்பிட்டா திரும்பிப் பாக்க மாட்டேங்குதுங்க. என்னத்தப் பண்றது? எழுதித் தொலைடா, நூறு!"

எழுதிவிட்டேன், மாமா! செவி தந்த உங்களுக்கும் சிறகோடு வந்த அவர்களுக்கும் கோடி நன்றி! ரொட்டி ஆறுவதற்குள் எல்லோரும் சாப்பிட வாருங்கள், வணக்கம்!