அரை மணி நேரத்தில் வந்து சேரக்கூடியவர்

பணி நிறைவு பெற்று விடைபெறும் எங்கள் அருமை நான்காம் ஜன்னல் அக்கா அவர்களே!

முத்திரையை முனை மழுங்காமல் பதித்து, முகவரியை முழுதும் சரிபார்த்து, முன்னே நின்ற ஒவ்வொரு முகத்தையும் மறவாமல் மனத்தில் வைத்த மாண்பே! கண்டிப்பைக் கண்ணிலும் கனிவைக் கையிலும் ஏந்தி, கல்லூரியை விட்டுக் கிளம்பும் பிள்ளைகளைக் கடைசிப் படிக்கட்டில் காத்து நின்ற காவலே! பட்டம் பெற்றோர்க்குப் பாடத்தில் இல்லாததைப் பத்தே நிமிடத்தில் பகர்ந்த பண்பே! சான்றிதழ்ப் பிரிவு அலுவலர்கள் அனைவரின் சார்பிலும் வணக்கம்!

இத்துடன் அடைமொழிகள் முடிந்தன. முதல் வரைவில் இன்னும் பதினொன்று இருந்தன. அவை போன கதையைச் சபைக்குச் சொல்லியாக வேண்டும்.

இந்தப் பிரிவிலிருந்து எந்தத் தாள் வெளியே போவதானாலும், அக்கா சிவப்பு மையால் திருத்திச் சுருக்கொப்பம் இட்ட பிறகுதான் போகும். முப்பது ஆண்டுப் பழக்கம் அது. இந்த மடலை எழுதும் பொறுப்பு மூன்றாம் ஜன்னலுக்கு வந்தது. மூன்றாம் ஜன்னல் என்பவர், அக்காவுக்கும் தமக்கும் நடுவே ஒரு பலகைத் தடுப்பு மட்டும் இருக்க, பதினோரு ஆண்டுகளாகப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பெண்மணி. ரகசியமாக எழுதினார், ரகசியமாகத் தட்டச்சு செய்தார், மாலையில் கிளம்பும் அவசரத்தில் கை போன போக்கில் அதைக் கொண்டுபோய் அக்கா திருத்த வேண்டிய தாள்களின் தட்டிலேயே வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். இப்படி ஒரு கூத்து வேறு எந்த அலுவலகத்திலும் நடந்திருக்காது.

மறுநாள் காலை மடல் திருத்தப்பட்டு அவர் மேசையில் இருந்தது. "அறிவுக் கடலே, அன்பின் சிகரமே" என்ற இடத்தில், "ஒரே ஆளுக்குக் கடலும் மலையும் எதற்கு?" என்று ஓரத்தில் எழுதியிருந்தது. "முப்பத்து மூன்று ஆண்டு அயராத உழைப்பு" என்பது "முப்பத்திரண்டு ஆண்டு ஏழு மாத உழைப்பு" ஆகியிருந்தது. அயராத என்பது அடிக்கப்பட்டு, "மதியத்தில் அயர்ந்ததுண்டு" என்று குறிப்பு. மடலின் முடிவில், எல்லா மடல்களிலும் எழுதுவதைப்போல, "சுற்றமும் நட்பும் சூழ நீடு வாழ்க" என்று எழுதியிருந்தோம். அதில் முதல் மூன்று சொற்களின் மேல் நேராக ஒரு கோடு. ஓரத்தில் கேலி எதுவும் இல்லை. "நீக்கலாம்" என்று மட்டும் இருந்தது. அதற்குக் கீழே வழக்கமான சுருக்கொப்பம்.

மூன்றாம் ஜன்னல் தடுப்புக்கு மேலே எட்டிப் பார்த்தார். அக்கா தலை நிமிரவில்லை.

"படிக்கணும்னா படிங்க. ஆனா என் மூஞ்சியப் பாத்துப் படிக்காதீங்க, எழுந்து போயிடுவேன். சபையப் பாத்துப் படிங்க" என்றார்.

ஆகவே சபையோரே, உங்களைப் பார்த்தே சொல்கிறோம். அக்கா முதல் வரிசையில் உட்கார்ந்து கைக்குட்டையை நான்காக மடித்துக்கொண்டிருக்கிறார். யாரும் திரும்பிப் பார்க்க வேண்டாம்.

அக்கா தம் இருபத்து மூன்றாம் வயதில் முதல் வேலைக்குப் போன இடத்தில், அசல் சான்றிதழ்களை வாங்கிப் பூட்டி வைத்துக்கொண்டார்கள். திருப்பி வாங்க நான்கு ஆண்டு நடையாய் நடந்தார். அந்த நான்கு ஆண்டில் வேறு வேலைக்குப் போக முடியவில்லை, வேறு ஊருக்குப் போக முடியவில்லை. இன்னும் எது எதெல்லாமோ முடியாமல் போயிற்று, அதை அவர் சொன்னதில்லை. கடைசியில் சான்றிதழ் கொடுக்கும் ஜன்னலுக்கே வேலைக்கு வந்து சேர்ந்தார். வந்த முதல் நாளே, தாளை வாங்கிக்கொண்டு ஓடப் பார்த்த ஒரு மாணவனை நிறுத்தி, "பத்து நிமிஷம் உக்காருப்பா" என்றாராம். அன்றிலிருந்து பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் பத்து நிமிஷ அக்கா.

அந்தப் பத்து நிமிடத்தில் என்ன சொல்வார் என்பது தடுப்புக்கு இந்தப் பக்கம் இருந்த எங்களுக்கெல்லாம் மனப்பாடம். "வேலைக்குச் சேர்ற எடத்துல ஒரிஜினல் கேட்டா காட்டு, குடுக்காத. காட்டுறது வேற, குடுக்குறது வேற." "வாடகைக்கு வீடு பாக்கப் போனா சுவத்துப் பெயின்ட்டப் பாத்து மயங்காத. சாயங்காலம் ஆறு மணிக்குப் போயி எல்லாக் குழாயையும் தெறந்து பாரு." "முன்பணம் குடுக்குற அன்னைக்கே ஒவ்வொரு ஆணி ஓட்டையையும் போட்டோ எடுத்து வீட்டுக்காரருக்கே அனுப்பு. காலி பண்றப்ப பேச்சு வராது." "மூணு மாச வாடகை கையில தனியா சேர்ற வரைக்கும், நீ சம்பாதிக்கிறவன்னு யார்கிட்டயும் பெருமை பேசாத." "சம்பளச் சீட்ட வரி வரியாப் படி. புரியலன்னா அன்னைக்கே போய்க் கேளு. ஒரு தடவ வெக்கப்பட்டா முடிஞ்சுது, கேக்காம விட்டா மாசா மாசம் முழிக்கணும்."

எல்லாம் சரியாகச் சொன்னார் என்று நாங்கள் புளுக மாட்டோம். கிரெடிட் கார்டு என்றாலே பாம்பைப் பார்த்ததுபோல் பேசி, யாரையும் தொட விடாமல் செய்த காலம் உண்டு. ஒரு பழைய மாணவி திரும்பி வந்து, "கடன் வாங்கிக் கட்டுன பதிவே இல்லன்னு வீட்டுக் கடன் தர மாட்டேங்குறாங்கக்கா" என்று நின்றாள். அக்காவுக்கு முகம் வாடிவிட்டது. அந்த வாரம் முழுவதும் மதிய உணவு நேரத்தில் பழைய பிள்ளைகளைத் தேடித் தேடிப் போன் செய்து, "நான் சொன்னது தப்பு. ஒண்ணே ஒண்ணு வாங்கிக்கோ. மாசா மாசம் முழுசாக் கட்டிடு" என்று திருத்தினார். தம் தவற்றுக்கும் சிவப்பு மை போட்டவர் அவர்.

ஆனால் பத்து நிமிடத்தில் கடைசி இரண்டு நிமிடம் பணத்தைப் பற்றியதே அல்ல. ஒரு சின்ன வெள்ளை அட்டையை எடுத்து நீட்டுவார். அதில் மூன்று வரி. முதல் வரியில் பெயர், இரண்டாம் வரியில் இரத்த வகை, மூன்றாம் வரியில் அவசரத்துக்கு அழைக்க வேண்டியவர். பிள்ளைகள் அம்மா பெயரையோ அப்பா பெயரையோ எழுதுவார்கள். அக்கா அதை அடித்துவிடுவார்.

"அவங்க ஒரு ராத்திரி பயணம் செஞ்சு வரணும். நீ போற ஊர்ல, அரை மணி நேரத்துல வந்து சேரக்கூடியவங்க யாரு?"

பெரும்பாலானவர்களுக்கு அந்த ஊரில் ஒருவரையும் தெரியாது. "சரி, மூணு மாசம் டைம். ஒரு ஆளத் தேடு. ஆனா கேக்காம எழுதக் கூடாது. நேர்ல போயி நின்னு, ‘உங்க பேர எழுதிக்கலாமா’ன்னு கேக்கணும். தொண்டை அடைக்கும். அடைக்கட்டும். கேட்டுட்டு எனக்குப் போன் பண்ணு" என்பார்.

பண்ணினார்கள். நான்காம் ஜன்னல் தொலைபேசி மூன்று மாதத்துக்கு ஒருமுறை களைகட்டும். "அக்கா, ஆள் கெடச்சாச்சு!" என்று எங்கிருந்தோ ஒரு குரல் கத்துவது எங்களுக்கே கேட்கும். எதிர்வீட்டு டீச்சர், சலவைக்கடை அண்ணன், அலுவலகத்தில் முதலில் சண்டை போட்ட ஆள், பேருந்தில் தினமும் இடம் போட்டு வைக்கும் அம்மா என்று ஒவ்வொரு பெயரையும் ஒரு நீள நோட்டில் எழுதிக்கொள்வார். அதில் இப்போது இரண்டாயிரத்துச் சொச்சம் பெயர்கள் இருக்கின்றன.

இனிச் சொல்ல வேண்டியது சொல்லக் கஷ்டமானது.

இரண்டு மாதங்களுக்கு முன், ஒரு சனிக்கிழமை காலை, காய்கறிக் கடையின் ஈரத்தரையில் அக்கா வழுக்கி விழுந்தார். நெற்றியில் அடி. முன்பின் தெரியாதவர்கள் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நர்ஸ் அவர் பர்ஸைத் திறந்து வெள்ளை அட்டையை எடுத்தார். மூன்றாம் வரியில் பெயர் இல்லை, ஒரு எண் மட்டும் இருந்தது. நர்ஸ் அந்த எண்ணுக்கு அழைத்தார். அது நான்காம் ஜன்னல் தொலைபேசியின் எண்.

பூட்டிக் கிடந்த அலுவலகத்தில் அது அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்க வேண்டியவர் தலையில் கட்டுடன் ஆஸ்பத்திரியில் இருந்தார். "விட்டு விட்டு அடிச்சுதுங்க. சாவி என்கிட்ட இல்ல" என்று வாசல் காவலர் திங்கட்கிழமை சொன்னபோது எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. அக்கா நெற்றியில் பிளாஸ்டருடன் நேரத்துக்கு வந்து, "வழுக்கிடுச்சு" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டு முத்திரைக் கட்டையை எடுத்துவிட்டார்.

அன்று மதியம் அவர் இல்லாத நேரத்தில் அந்தத் தொலைபேசி மறுபடி அடித்தது. மூன்றாம் ஜன்னல் எட்டி எடுத்தார்.

"தையல் பிரிக்க எப்ப வரணும்னு சொல்லத்தாங்க கூப்பிட்டேன். சனிக்கிழமை பத்து தடவ போட்டேன், ஏன் யாருமே எடுக்கல?" என்றார் நர்ஸ். "கையெழுத்துப் போட்டுக் கூட்டிட்டுப் போக ஆள் வரலன்னு ஆறு மணி நேரம் பெஞ்சுல உக்காந்திருந்தாங்க. கடைசில அவங்களே கையெழுத்துப் போட்டுட்டுப் போனாங்க. நீங்க அவங்களுக்கு என்ன உறவு?"

"பக்கத்து ஜன்னல்" என்றார் மூன்றாம் ஜன்னல்.

"அது என்னங்க உறவு?"

அந்த ஆஸ்பத்திரி மூன்றாம் ஜன்னலின் வீட்டிலிருந்து நான்கு தெரு. அந்தச் சனிக்கிழமை அவர் வீட்டில்தான் இருந்தார், காய்ந்த துணிகளை மடித்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தார்.

அன்று மாலை அவர் அக்காவோடு சேர்ந்து நடந்தார். பதினோரு ஆண்டில் முதல் தடவையாக அக்காவின் வீட்டுக்குப் போனார். மூன்றாம் மாடி. கதவைத் திறக்கும்போதே உள்ளே யாரோ பேசும் குரல் கேட்டது. ரேடியோ. திரும்பி வரும்போது வீட்டில் ஒரு குரல் இருக்கட்டும் என்று காலையில் அணைக்காமல் போவாராம். இரண்டு நாற்காலிகள் இருந்தன. ஒன்றின் மேல் பழைய செய்தித்தாள் அடுக்கு. விருந்தாளி உட்கார அதை எடுத்து எங்கே வைப்பது என்று தெரியாமல், அக்கா கையில் அடுக்குடன் சற்று நேரம் நின்றார். முப்பத்திரண்டு ஆண்டு ஏழு மாதம் பிறர் பிள்ளைகளை ஒற்றையாக விடாதவர், வீட்டில் இப்படித்தான் இருந்திருக்கிறார். பக்கத்திலேயே இருந்த எங்களுக்கு அது தெரியவில்லை. வெட்கமாக இருக்கிறது, சொல்லிவிடுகிறோம்.

"ஏன்க்கா, உங்க அட்டையில ஒரு பேரு எழுதல?" என்று மூன்றாம் ஜன்னல் கேட்டே விட்டார்.

"ரெண்டாயிரம் பேரக் கேக்க வச்சிட்டேன்" என்றார் அக்கா. "எனக்குத்தான் கேக்க வரல. தண்ணி குடிக்கிறீங்களா?"

வரும் திங்கட்கிழமை முதல் நான்காம் ஜன்னல் தொலைபேசி வேறொருவர் மேசையில் இருக்கும். அட்டையில் உள்ள அந்த எண்ணும் இனி அக்காவுடையதல்ல.

பெருமதிப்புக்குரிய அக்கா! சபையைப் பார்த்துப் படித்தது போதும். இப்போது உங்கள் முகத்தைப் பார்த்துத்தான் படிக்கிறோம். எழுந்து போகாதீர்கள். இரண்டு நிமிடம் உட்காருங்கள்.

நீங்கள் நீக்கச் சொன்ன மூன்று சொற்களை நீக்கிவிட்டோம். உண்மையில்லாததை ஒரு தாளிலும் எழுதக் கூடாது என்று எங்களுக்குச் சொல்லித் தந்தவரே நீங்கள்தான். ஆனால் இன்னொரு உண்மையும் இருக்கிறது. இந்த மடலைப் படித்துக்கொண்டிருக்கும் மூன்றாம் ஜன்னலின் கைப்பையிலும் நீங்கள் தந்த வெள்ளை அட்டை இருக்கிறது. அவர் கணவர் காலமாகி நான்கு ஆண்டுகள் ஆகின்றன. "மூணாவது வரிய மாத்துங்க" என்று நீங்கள் இரண்டு தடவை சொன்னீர்கள். "மாத்துறேங்க்கா" என்றார், மாற்றவில்லை. கணவரின் எண்ணுக்கு அழைத்தால் எடுக்க யாரும் இல்லை என்று தெரிந்தே வைத்திருந்தார். இன்று காலை அதைச் சிவப்பு மையால் அடித்துவிட்டார். வரி காலியாக இருக்கிறது. கேட்காமல் எழுதக் கூடாது, நேரில் நின்று கேட்க வேண்டும், தொண்டை அடைக்கும் என்றீர்கள். எல்லாம் நீங்கள் சொன்னபடியே நடக்கிறது.

அக்கா, உங்க பேர எழுதிக்கலாமா?

பதிலை மேடைக்கு வந்து சொல்ல வேண்டாம். உங்கள் அட்டைக்கு ஆள் வேண்டுமானால் வாய் திறந்து கேட்கவும் வேண்டாம். இந்த மடலைக் கண்ணாடிச் சட்டமிட்டுத் தருகிறோம். கீழே உள்ள கையொப்பங்களில் ஒன்றின் மேல் விரலை வைத்தால் போதும், நாங்கள் புரிந்துகொள்வோம். நோய் நொடி நெருங்காமல், நோட்டின் பக்கங்கள் நிறைய நிறைய, மதியத்தில் மனம்போல் அயர்ந்து, பல்லாண்டு நலமோடு நீங்கள் வாழ வேண்டும் என்று நெஞ்சார வாழ்த்துகிறோம்.

இங்ஙனம்,
சான்றிதழ்ப் பிரிவு அலுவலர்கள்

கல்லூரி முதல்வர்: உங்கள் வீட்டுக்குக் காரில் ஐம்பது நிமிடம். விதிப்படி தகுதியில்லை. ஆனாலும் கையொப்பமிட வேண்டும் என்று கேட்டு வாங்கிப் போட்டார்.

முதலாம் ஜன்னல்: பேருந்தில் இருபத்தைந்து நிமிடம், பேருந்து வந்தால்.

இரண்டாம் ஜன்னல்: இரு சக்கர வாகனத்தில் பதினெட்டு நிமிடம்.

வாசல் காவலர்: சைக்கிளில் இருபது நிமிடம். அலுவலகச் சாவி ஒன்று இப்போது அவரிடமும் இருக்கிறது.

மூன்றாம் ஜன்னல்: நடந்தால் பன்னிரண்டு நிமிடம். சனிக்கிழமைகளில் வீட்டில்தான் இருப்பார்.