ரஸ்க் கல்லறையில் ஊமை விருந்து

அக்டோபர் கடைசி நாள். மாலை ஆறரை இருக்கும். ஒஹையோவின் தென்கோடியில், சோளம் அறுத்து முடித்த வயல்களுக்கு நடுவே ஒரு சரளைச் சாலை… கண்ணுக்கு எட்டிய வரை ஒரு விளக்கு இல்லை. அதில் வெர்னா தன் பழைய காரை, முகப்பு விளக்கைக்கூடப் போடாமல், மெல்ல ஓட்டிக்கொண்டு போனாள்.

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். சத்தம் போட்டுச் சொல்கிற கதை இல்லை இது.

வெர்னா என் தோழி மார்னியின் சித்தி. பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறவள். ஐம்பதைத் தாண்டியவள். விக்கா என்று, தேவியையும் இயற்கையையும் கும்பிடுகிற ஒரு வழியில் இருப்பவள். அந்த ஊரில் அதற்கு ஒரே பெயர்தான். சூனியக்காரி.

அவள், லவோன் ரஸ்க், நர்ஸ் வேலை பார்க்கிற கார்லிஸ்… மூன்று பேர்தான் அவர்கள் வட்டம். பௌர்ணமிக்குப் பௌர்ணமி லவோன் வீட்டுக் கொல்லையில் மெழுகுவத்தி ஏற்றி, நான்கு திசைக்கும் வணக்கம் சொல்லி, தேவியைக் கூப்பிட்டு, கேக்கைப் பங்கு போட்டுத் தின்பார்கள். அவ்வளவுதான். யார் வீட்டுக் கோழியையும் அறுத்ததில்லை.

அந்த வருஷம் ஆகஸ்டில் லவோன் புற்றுநோயில் போய்ச் சேர்ந்தாள். கடைசி நேரத்தில் பக்கத்தில் இருந்தது வெர்னாதான். "என் தலமாட்டுல சிலுவ நடாமப் பாத்துக்க," என்றாள் லவோன். அதற்குப் பிறகு அவள் பேசவில்லை.

லவோனின் தம்பி ராய்ஸ் நட்டான். அக்கா கழுத்தில் விக்கா அடையாளமாகக் கிடந்த ஐந்து முனை நட்சத்திரத்தையும் கழற்றி எறிந்தான். அடக்கத்தன்று பாஸ்டர், நம் சகோதரி கடைசி மூச்சில் மனம் திரும்பினாள் என்று அறிவித்தார். வெர்னாவையும் கார்லிஸையும் வாசலிலேயே மறித்து அனுப்பிவிட்டார்கள்.

"அவன் மேல எதையாவது ஏவி விடணும் வெர்னா," என்றாள் கார்லிஸ்.

"அனுப்புறது மூணு மடங்கா நம்ம வாசலுக்கே வரும். யாருக்கும் கெடுதல் இல்லாம எது வேணா செய்யலாம். எனக்கு அவளுக்குச் சோறு போடணும்."

"எங்க?"

"அவ படுத்திருக்கிற எடத்துல. வேற எங்க?"

கார்லிஸ் வரவில்லை. ஆஸ்பத்திரி வேலை போய்விடுமென்று பயம். வெர்னா ரொட்டி சுட்டாள், பீன்ஸ் வேகவைத்தாள். கூடையைத் தூக்கிக்கொண்டு தனியாகவே கிளம்பினாள்.

'சௌவின்' என்று அவர்கள் சொல்கிற அந்த அக்டோபர் கடைசி நாளில், செத்தவர்களுக்கும் நமக்கும் நடுவே இருக்கிற திரை மெலிந்துவிடும் என்பது நம்பிக்கை. அன்றைக்கு ஊமை விருந்து வைப்பார்கள். செத்தவருக்கு ஒரு தட்டு, தனக்கு ஒரு தட்டு. உட்கார்ந்தது முதல் எழுந்திருக்கும் வரை ஒரு வார்த்தை பேசக் கூடாது. திரும்பிப் பார்க்கவும் கூடாது… பின்னால் எது வந்தாலும்.

கல்லறைத் தோட்டத்து இரும்புக் கதவில் புதுச் சங்கிலி. வெர்னா கூடையை உள்ளே இறக்கிவிட்டு, வேலியில் ஏறிக் குதித்தாள். முழங்கால் சிராய்த்தது. லவோனின் கல்லுக்கு முன்னால் உப்பைத் தூவி வட்டம் போட்டாள். மெழுகுவத்தி. இரண்டு தட்டு. சோள ரொட்டி, பீன்ஸ், ஆளுக்கு ஓர் ஆப்பிள். கல்லைப் பார்த்து உட்கார்ந்தாள்.

முதல் வாய் எடுத்திருப்பாள். சரளை நொறுங்குகிற சத்தம். லாரி ஒன்று வந்து நின்றது. கதவு திறந்தது. எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. சங்கிலி கலகலவென்று விழுந்தது. பூட்ஸ் காலடி… அவள் முதுகுக்கு நேர் பின்னால் வந்து நின்றது.

"எந்திரி," என்றான் ராய்ஸ். "இது எங்க குடும்பத்து எடம்."

வெர்னா ரொட்டியைப் பிட்டாள்.

"காது கேக்கலயா? ஸ்கூல் போர்டுல நான் இருக்கேன், ஞாபகம் வெச்சுக்க. நாளைக்குக் காலைல உன் பஸ் சாவி என் கையில இருக்கும். சூனியக்காரி ஓட்டுற வண்டில எந்தத் தாய் புள்ளய ஏத்துவா?"

 அந்த வேலையை விட்டால் அவளுக்கு வேறு எதுவும் தெரியாது. எழுந்து, மன்னிச்சுக்க ராய்ஸ் என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்துபோகும். ஆப்பிளை எடுத்தாள். அவனுக்குக் கேட்கட்டும் என்றே, நறுக்கென்று கடித்தாள்.

"திமிரப் பாரு. எங்கக்கா மனந்திரும்பிதான் செத்தா. இல்லன்னு சொல்லு பாப்போம். வாயத் தொறந்து சொ…"

பேச்சு பாதியில் நின்றது.

யாரோ வாயைப் பொத்தின மாதிரி இல்லை. பேசிக்கொண்டே ஒரு வீட்டுக்குள் நுழைகிறவன், அங்கே பந்தி நடப்பதைப் பார்த்துச் சட்டென்று அடங்குவானே… அந்த மாதிரி.

பிறகு புல் சரசரத்தது. ஓரிடத்தில் இல்லை. சுற்றிலும். மண்ணெண்ணெய் விளக்குப் புகை வாசம், பெட்டியில் நெடுநாள் மடித்துக் கிடந்த துணியின் வாசம், அடியாழத்து ஈர மண் வாசம். அப்புறம் மிக மெல்ல… தட்டுகளில் கரண்டி உரசும் சத்தம். வெர்னாவின் கரண்டி அவள் மடியில் அசையாமல் கிடந்தது.

பிடரி மயிர் சிலிர்த்தது. ஓடலாம் என்று கால் துடித்தது. எனக்கென்ன பயம், கூப்பிட்டது நான்தானே என்று பல்லைக் கடித்துக்கொண்டு, தட்டில் இருந்த கடைசித் துணுக்கு வரை சாப்பிட்டாள். முறைப்படி வட்டத்தைக் கலைத்தாள். கல்லின் மேல் கை வைத்து, தோட்டம் முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னாள்:

"லவோன் ரஸ்க் மனந்திரும்பல. நான் சாட்சி."

அதற்குப் பிறகுதான் திரும்பினாள்.

லாரி அங்கேயே நின்றது. விளக்கு எரிந்தது. கதவு திறந்தபடி கிடந்தது. ராய்ஸைக் காணவில்லை. கூப்பிட்டுப் பார்த்தாள், பதில் இல்லை. எஞ்சினை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் விடியலில், பேருந்துகள் நிற்கிற இடத்தில் ராய்ஸ் காத்திருந்தான். கசங்கின சட்டை, ராத்திரி முழுக்க வெளியில் கிடந்த கோலம். வெர்னா சாவியைக் கைக்குள் இறுக்கிக்கொண்டு நேராக அவன் எதிரே போய் நின்றாள்.

"நானாக் குடுக்க மாட்டேன் ராய்ஸ். விரலப் பிரிச்சு எடுத்துக்க. ஆனா ஒண்ணு, அடுத்த வருஷமும் வருவேன். சங்கிலி போடு, போலீஸ நிறுத்து. அப்பவும் வருவேன்."

அவன் சாவியைப் பார்க்கவே இல்லை. "உங்கூட இருந்த பொம்பளைங்க யாரு?" என்றான்.

"எங்கூட யாரும் வரல."

"சுத்தி உக்காந்திருந்தாங்க, வெர்னா. உப்புக்கு வெளியில. கெழவிங்க, சின்னப் பொண்ணுங்க… எல்லார் மடியிலயும் தட்டு. ஒருத்திகூட என்ன மொறைக்கல. ஒருத்தி கொஞ்சம் நகந்து, பக்கத்துல தரையத் தட்டிக் காட்டினா."

"உக்காந்தியா?"

ராய்ஸ் திரும்பி நடந்தான். அவன் கால்சட்டையின் பின்பக்கம் முழுக்க ஈர மண் அப்பியிருந்தது.

வெர்னா இப்போதும் பேருந்து ஓட்டுகிறாள். ஒவ்வொரு அக்டோபர் கடைசியிலும் கூடையோடு போய் வருகிறாள். அந்தக் கதவுக்கு யாரும் சங்கிலி போடுவதில்லை.

ராய்ஸும் இருக்கிறான். அன்றிலிருந்து இன்றுவரை அவன் ஒரு வாய் சாப்பிட்டு யாரும் பார்த்ததில்லை. கேட்டால், சாப்பிட்டாச்சு, பசிக்கவில்லை என்கிறானாம்.

ஆள் இளைக்கவில்லை. போன மாதம் பார்த்தபோது கொஞ்சம் சதை போட்டிருந்தான் என்கிறாள் மார்னி.